போனைப் பார்க்காதீர்கள், நோட்டைப் பாருங்கள்!

கொரோனாவோடு ஆன்லைன் வகுப்பும் போய்விட்டது என்று நினைப்பவர்கள், வயசுப் பிள்ளைகள் இல்லாத வீட்டுக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். மழை விடுமுறை விட்டால் போனில் வகுப்பு. சாயங்கால டியூஷன் போனில். நீட் பயிற்சியும் போனில். அந்த ஒரு மணி நேரம் பிள்ளை பாடத்தைத்தான் கவனிக்கிறதா, வேறு ஏதாவது பார்க்கிறதா என்பது அடுப்படியில் நிற்கும் நமக்கு எப்படித் தெரியும்? இப்படித் தவிக்கும் தோழியருக்காக எங்கள் வீட்டு அனுபவத்தை எழுதுகிறேன்.

2020ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது என் மகன் ஒன்பதாம் வகுப்பு. காலையில் போனை எடுத்தால் இருட்டும் வரை கீழே வைக்க மாட்டான். கேட்டால், 'கிளாஸ் நடக்குதும்மா' என்பான். அந்த வருஷம் ஜூலையில் மத்திய அரசு 'பிரக்யாதா' என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நாளுக்கு அதிகபட்சம் நான்கு வகுப்புகள், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்று அதில் இருந்தது. கூட்டிப் பாருங்கள், மூன்று மணி நேரத்தைத் தாண்டாது. மீதி நேரமெல்லாம் என்ன கிளாஸ்?

'பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டு' என்றார் என் கணவர். பூட்டினால் அந்த மூன்று மணி நேரப் படிப்பும் போச்சே! எதிர்வீட்டு அக்கா அப்படித்தான் செய்தார். அவர் பையன் நண்பன் வீட்டில் போய் உட்கார்ந்து கொண்டான். பிள்ளை போனில் என்ன பார்க்கிறது என்று நம் போனிலேயே தெரிகிற மாதிரி ஏற்பாடு இருப்பதாக என் நாத்தனார் சொன்னாள். பெத்த பிள்ளையிடம் போலீஸ் வேலை பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை. போனிலேயே ஒவ்வொரு செயலிக்கும் இத்தனை நிமிஷம் என்று வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. வைத்தேன். வைத்த இடத்திலேயே போய் எடுத்துவிட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். பத்தாவது படித்த நான் போடும் பூட்டு, அவனுக்கு எத்தனை நேரம்?

சரி, இனி போன் பக்கமே போவதில்லை என்று, தினமும் நோட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். முக்கால் மணி நேர அறிவியல் வகுப்புக்கு நோட்டில் இரண்டே வரி! தேதியும் தலைப்பும்தான். திட்டவில்லை. 'இன்னிக்கு டீச்சர் என்னடா சொன்னாங்க, எனக்கும் சொல்லு' என்று மட்டும் கேட்டேன். முழித்தான். மறுநாளும் அதையே கேட்டேன், அதற்கு மறுநாளும். நான்காவது நாள் நோட்டில் முக்கால் பக்கம் எழுதியிருந்தான்!

அடுத்ததாக இயர்போனை எடுத்து வைத்துவிட்டேன். காது வலி வருமே என்று அவனிடம் சொன்னதும் பொய் இல்லை. மேஜையை அவன் அறையிலிருந்து கூடத்துக்கு மாற்றி, அடுப்படி வாசலுக்கு முதுகு காட்டுகிற மாதிரி போட்டோம். பாடம் வீடு முழுக்கக் கேட்கும். காய் நறுக்கிக்கொண்டே நானும் கேட்பேன். பள்ளியில் எனக்குப் பிடிபடாத ஒளிச்சேர்க்கை, வெண்டைக்காய் நறுக்கும்போது புரிந்தது என்றால் நம்புவீர்களா? நான் கேட்கிறேன் என்று தெரிந்ததும் அவனுக்கும் கூச்சம். டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டுமே!

அவர்கள் வகுப்பு ஜூமில். இலவசமாக என்றால் 40 நிமிடத்தில் தானாக அறுந்துவிடும். திரும்ப எல்லோரும் சேர பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் யூடியூபுக்குள் புகுவார்கள். வகுப்பு அறுந்ததும், 'மொட்டை மாடியில் துணி எடுத்துட்டு வாடா' என்பேன். ஒவ்வொரு நாளும் காய்ந்த துணி இருக்குமா என்ன? தண்ணீர்க் குடம், கறிவேப்பிலை, ஏதோ ஒன்று.

இதெல்லாம் சுலபம். கஷ்டம் விளையாட்டில்தான். 2020 செப்டம்பரில் அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது, பிள்ளைகள் பைத்தியமாக இருந்த துப்பாக்கி விளையாட்டும் அதில் போனது. சனியன் ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, வேறொன்றைப் பிடித்துவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் படுத்திருந்தவனிடம், அப்படி என்னடா அதில் இருக்கு என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். 'எல்லாரும் பதினோரு மணிக்கு சேர்ந்து ஆடுறாங்கம்மா. நான் மட்டும் போகலைன்னா அடுத்த நாள் என்கிட்ட யாரும் பேச மாட்டாங்க' என்று சொல்லி அழுதுவிட்டான். பள்ளியும் இல்லை, தெருவும் இல்லை. அந்த வயசில் அவனுக்கு நண்பர்கள் இருந்த ஒரே இடம் அதுதான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாளே அந்த ஐந்து பையன்களின் அம்மாக்களுக்கும் போன் போட்டேன். இரண்டு பேர் முகம்கூடத் தெரியாது. ஒருவர், 'என் பையன் அப்படியெல்லாம் இல்லீங்க' என்றார். பிறகு அவரே கூப்பிட்டு, 'நீங்க சொன்னது சரிதாங்க' என்றார். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை ஆறு பையன்களும் சேர்ந்து ஆடலாம். ஏழடித்தால் ஆறு வீட்டிலும் போன் அலமாரி மேல். இதுதான் ஒப்பந்தம். எல்லோருக்கும் ஒரே நேரம் என்பதால், 'அவன் வீட்ல மட்டும் விடுறாங்களே' என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. நடுவில் இரண்டு முறை மீறினார்கள்தான். ஒரு வீட்டில் அப்பாவே பையனோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார், அதை எங்கே போய்ச் சொல்ல!

அவன் இப்போது கல்லூரிக்குப் போய்விட்டான். மகள் பத்தாம் வகுப்பு; கணக்கு டியூஷன் வாரம் மூன்று நாள் போனில். இவளுக்கு விளையாட்டு இல்லை, குட்டிக் குட்டி வீடியோக்களும் தோழிகளோடு அரட்டையும்தான். மேஜை மறுபடியும் கூடத்துக்கு வந்தாகிவிட்டது. இவள் தோழிகளின் அம்மாக்களில் மூன்று பேரிடம் பேசிவிட்டேன். நாலாமவர் வேலைக்குப் போகிறவர், ஞாயிற்றுக்கிழமைதான் பிடிக்க முடியும்.

- வாசகி, திருப்பூர்