மலையக ஓடையும் மலிவான தூண்டிற்கோலும்

மலைநாட்டில் மீன் என்றவுடன் நமது நினைவுக்கு வருவன கடற்கரையிலிருந்து வரும் நெத்தலியும் கருவாடுமே. ஆயினும், நுவரெலியாவைச் சூழ்ந்த உயர்மலை ஓடைகளில் குளிர்நாட்டு மீன் ஒன்று நூறாண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றது. அதுவே டிரவுட் மீன். அதனைச் செயற்கை ஈயைக் கொண்டு பிடிப்பதற்கு ஏற்ற தூண்டிற்கோலைக் குறைந்த செலவில் தெரிவு செய்வது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இம்மீன் இம்மண்ணுக்கு உரியதன்று. 1880களில் பழுப்பு டிரவுட்டின் முட்டைகளை ஆங்கிலேயர் இங்கு கொணர்ந்து ஓடைகளில் விட்டனர். அவ்வினம் நிலைகொள்ளவில்லை. அந்நூற்றாண்டு முடியுமுன் கொணரப்பட்ட வானவில் டிரவுட்டே வேரூன்றியது. இலங்கை மீன்பிடிக் கழகம் 1896ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அக்காலத்தில் தூண்டிற்கோல் பெரும்பாலும் தோட்டத் துரைமாரின் கைப்பொருள். இன்று ஆசிரியரும், எழுதுவினைஞரும், லயத்தில் வளர்ந்த இளைஞரும் அதனைக் கையிலெடுக்க விரும்புகின்றனர். அவர்கள் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொடுத்துப் பொருந்தாத கோலொன்றை வாங்கிவிட்டால், பணமும் போகும், ஊக்கமும் போகும். ஆதலின் இத்தெரிவு சிறு காரியமன்று.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை உணர்தல் வேண்டும். புழுவை முள்ளிற் கோத்து எறியும் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரமே நூலை இழுத்துச் செல்கின்றது. செயற்கை ஈயோ இறகும் பட்டு நூலும் கொண்டு முள்ளின்மேற் கட்டப்பட்டது. அதற்குப் பாரமே இல்லை. ஆகவே இங்கு நூலே பாரம். வண்டிக்காரன் சாட்டையைச் சுழற்றுவதுபோல, கோல் வளைந்து நிமிரும் விசையால் தடித்த நூல் காற்றில் விரிந்து செல்லுகின்றது. ஈ அதன் பின்னே போய் நீரில் மெல்ல அமர்கின்றது. எனவே கோலும் நூலும் ஒன்றுக்கொன்று இசைந்திருத்தல் இன்றியமையாதது.

இவ்விசைவைக் குறிப்பதற்காகவே கோலின் கைப்பிடிக்கு மேலே ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க உற்பத்தியாளர் வகுத்த முறை இது. நூலின் முதல் 30 அடியின் நிறையைக் கொண்டு எண் வழங்கப்படுகின்றது. 4ஆம் எண் நூலின் அப்பகுதி ஏறக்குறைய 8 கிராம்; 5ஆம் எண்ணுக்கு 9 கிராம்; 6ஆம் எண்ணுக்கு 10 கிராமுக்குச் சற்று மேல். 5ஆம் எண் கோலுக்கு 5ஆம் எண் நூலையே வாங்குதல் முறை.

நமது ஓடைகளுக்கு எவ்வெண் தகும்? ஹோர்ட்டன் சமவெளியை ஒத்த உயர்நிலங்களில் ஓடைகள் ஒடுங்கியவை, நீர் தெளிந்தது. மீன் தொலைவிலிருந்தே மனிதனைக் கண்டுகொள்ளும். இதனை மட்டும் நோக்கின் 4ஆம் எண் போதும். ஆயின் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மெல்லிய நூலைக் காற்று திருப்பியடித்துவிடும். ஒரேயொரு கோலை மட்டும் வாங்கக்கூடியவர் 5ஆம் எண்ணைத் தெரிந்துகொள்வதே நன்று.

நீளத்தைப் பொறுத்தவரையில், கடைக்காரர் 9 அடிக் கோலையே முதலில் எடுத்துக் காட்டுவார். அகன்ற ஏரிக்கு அது நல்லது. புதரும் மரக்கிளையும் கவிந்த ஓடையிலோ அது கிளையிற் சிக்கும். ஏழரை அடி முதல் 8 அடி வரையுள்ள கோல் நமக்குப் போதுமானது. நான்கு துண்டுகளாகக் கழற்றக்கூடிய 8 அடிக் கோலின் ஒவ்வொரு துண்டும் இரண்டடிக்குச் சற்று மேற்பட்டதே. நெரிசல் மிக்க பஸ்ஸிலும், பட்டிப்பொலவுக்குச் செல்லும் புகைவண்டியிலும் அதனைத் தோளில் மாட்டிச் செல்லலாம்.

இனி, கோல் எதனாற் செய்யப்பட்டது என்பதை நோக்குவோம். துரைமார் வைத்திருந்தவை சீனத்து மூங்கிலைக் கீற்றுகளாகப் பிளந்து ஒட்டிச் செய்தவை. பழையன விற்பனைக்கு வருமாயின், வேலைப்பாட்டின் அழகில் மயங்கலாகாது. மலைநாட்டு ஈரத்தில் பசை விட்டிருக்கக்கூடும். கோல் ஒரு பக்கமாக நிலையாக வளைந்தும் போயிருக்கலாம். 1950களில் கண்ணாடியிழைக் கோல்கள் பரவின. 1970களில் காபன் நார்க் கோல்கள் வந்தன. காபன் கோல் இலேசானது, விறைப்பானது. அதனால் நூலை வெகுதூரம் வீசலாம். விலையுயர்ந்த கோல் பெரும்பாலும் விற்பது இத்தூரத்தையே. நமது ஓடையில் 20 அல்லது 30 அடிக்கு மேல் வீசவேண்டிய தேவை அரிது. மிக விறைத்த கோல் அத்துணைச் சிறிய நூலுக்கு வளைந்தும் கொடாது. எனவே கண்ணாடியிழைக் கோலோ, நடுப்பகுதி வரை வளையும் மலிவான காபன் கோலோ இங்கே பொருத்தமானது. நமக்குப் பயன்படாத தூரத்திற்கு நாம் ஏன் விலை கொடுத்தல் வேண்டும்?

காபன் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் என்பதையும் மறத்தலாகாது. மின்கம்பிகளின் கீழ் அதனை நிமிர்த்திப் பிடித்து நடப்பது உயிருக்கு ஆபத்து. இடி முழங்கும் பிற்பகல்களில் எவ்வகைக் கோலாயினும் கீழே வைத்துவிட்டு வெளியிடத்தை விட்டு நீங்குதலே அறிவுடைமை.

கடையிற் செய்யவேண்டிய சோதனைகள் எளியவை. துண்டுகளைப் பொருத்திக் கைப்பிடியிலிருந்து நுனிவரை ஒரு கண்ணால் நோக்குக. வளையங்கள் ஒரே கோட்டில் நிற்றல் வேண்டும். மெல்ல அசைத்தால் பொருத்துகளில் ஓசையோ ஆட்டமோ இருத்தலாகாது. சிறிது பஞ்சை ஒவ்வொரு வளையத்தினூடும் இழுத்துப் பார்க்க. பஞ்சு சிக்கினால் அவ்வளையத்தில் வெடிப்பு உண்டு. அது விரைவில் நூலை அறுக்கும். தக்கைக் கைப்பிடியில் பெரிய குழிகளை மாவுபோன்ற பொருளால் நிரப்பி மறைத்திருப்பின், அது நாளடைவில் உதிரும்.

மிச்சம் பிடித்த பணத்தை நூலுக்குச் செலவிடுக. தரமற்ற நூல் நல்ல கோலையும் கெடுக்கும். நல்ல நூல் எளிய கோலையும் உயர்த்தும். இருமுனையும் ஒரேவிதமாக மெலிந்த நூலை வாங்கினால், ஒரு முனை தேய்ந்தபின் மறுமுனையைத் திருப்பிக் கட்டலாம். ஒரு விலைக்கு இரு ஆயுள். றீல் என்பது இச்சிறு மீனைப் பொறுத்தவரை நூலைச் சுற்றி வைக்கும் பேழையே; எளிய றீல் போதும். முள் இல்லாத ஈயாகச் சிறிது கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு, தோட்டத்துப் பந்து மைதானத்தில் சில மாலைகள் வீசிப் பழகுதல் நன்று. அப்பழக்கத்தை எக்கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

கோல் வாங்குமுன் நீரையும் அறிந்துகொள்க. டிரவுட்டுக்கு ஏறக்குறைய 20 பாகை செல்சியசுக்கு உட்பட்ட குளிர்நீர் வேண்டும். ஹற்றனை அடுத்த காசல்றீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் தாழ்ந்த இடத்தில் உள்ளவை. அங்கே திலாப்பியாவும் கெண்டை இனங்களுமே எதிர்பார்க்கத்தக்கன. உயர்ந்த ஓடைகளிலோ உரிமை பற்றிய கேள்வி எழுகின்றது. தோட்ட எல்லையுள் நிர்வாகியின் அனுமதி பெறுதல் வேண்டும். ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றித் தூண்டில் வீசலாகாது. அச்சமவெளிக்கே உரிய நன்னீர் இறால் இனம் ஒன்று அவ்வோடைகளில் வாழ்கின்றது. அத்தகைய சிற்றுயிர்களை டிரவுட் உணவாகக் கொள்வதால், பிடித்த மீனை உயிருடன் வேறோர் ஓடையில் விடுதல் ஒருபோதும் கூடாது.

நேயர்களே, கொக்குக்குக் கோலில்லை. அதற்கு வாய்த்தது பொறுமையும் நீரைப் பற்றிய அறிவுமே. அவ்விரண்டும் உடையவர் கையில் 8 அடி நீளமுள்ள, 5ஆம் எண்ணுடைய ஓர் எளிய கோல் போதும். ஓடையை அறிந்து கோலை வாங்குவோர் ஏமாறுவதில்லை. விலையை மட்டும் நம்பி வாங்குவோரே ஏமாறுகின்றனர்.