ஒரு 68 மாடல் ஜிடிஓவும் கொதிக்கும் ரேடியேட்டரும்

பழைய கார் கொதிக்குதுன்னு யாராவது சொன்னா முதல்ல கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான். ஓடும்போது கொதிக்குதா, நிக்கும்போது கொதிக்குதா? இதைக் கேக்காம வைத்தியம் ஆரம்பிச்சா பர்ஸ் காலியாகும். எங்க ஹவுஸ் ஓனருக்குக் கிட்டத்தட்ட அதுதான் நடக்க இருந்தது.

அவர் வண்டி 1968 பான்டியாக் ஜிடிஓ. மஸில் கார்னு சொல்ற வகையறாவுக்கே குலதெய்வம் மாதிரி. 1964 மாடல் வந்த சமயத்துல ஜெனரல் மோட்டார்ஸுக்குள்ள ஒரு விதி இருந்தது: நடுத்தர சைஸ் காருல 330 கன அங்குலத்துக்கு மேல எஞ்சின் வைக்கக் கூடாது. பான்டியாக் பிரிவோட தலைமை எஞ்சினியர் ஜான் டெலோரியனும் கூட்டாளிகளும் 389 கன அங்குல வி-8-ஐ, டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு காசு குடுத்தா கிடைக்கிற ஒரு 'ஆப்ஷன்'னு சொல்லி உள்ளே நுழைச்சுட்டாங்க. விதியையும் மீறல, எஞ்சினும் உள்ளே போயாச்சு. எந்த ஊர்ல இருந்தாலும் எஞ்சினியர் புத்தி ஒண்ணுதான் போல :-) 68-ல அது 400 கன அங்குலமா வளர்ந்திருந்தது. 6.6 லிட்டர், 350 குதிரைசக்தி. நம்ம மாருதி 800 எஞ்சின் எட்டைச் சேர்த்துக் கட்டினாலும் இந்த அளவு வராது.

நான் இருக்கிறது மிஷிகன்ல, டெட்ராய்ட் பக்கத்துல. பான்டியாக்ங்கிறது இங்கே ஒரு ஊரோட பேரும் கூட. கம்பெனி பிராண்டை 2010-ல மூடிட்டாங்க, ஊர் அப்படியே இருக்கு. அந்த ஊர்லேர்ந்து டெட்ராய்ட் வரைக்கும் வர்ற ரோடுதான் உட்வர்ட் அவென்யூ. 1995-லேர்ந்து ஆகஸ்ட் மூணாவது சனிக்கிழமை இந்த ரோட்டுல 'ட்ரீம் க்ரூஸ்'னு ஒரு திருவிழா. பழைய கார் வச்சிருக்கிற அத்தனை பேரும் வந்து ஊர்ந்து ஊர்ந்து போவாங்க. வேகமாப் போறதுக்காகச் செஞ்ச வண்டிங்க, ஆகஸ்ட் வெயில்ல, நடந்து போறவனை விட மெதுவா. எஞ்சின் கொதிக்கிறதுக்கு இதை விட நல்ல இடம் கிடையாது.

ஓனர் வண்டியைக் காட்டின கடையில 'ஹெட் கேஸ்கட் போச்சு, நாலாயிரம் டாலர் ஆகும்'னு சொல்லிட்டாங்க. ஆதாரம்? ரேடியேட்டர் மூடியைத் திறந்து வச்சு ஓட்டினப்ப குமிழ் வந்துச்சாம். பெரியவர் ரிட்டயர் ஆனவர், அவ்வளவு காசு போட மனசு வரல. இதைக் கேள்விப்பட்டு ஒருத்தர் 'எஞ்சின் போன வண்டிதானே'ன்னு அடிமாட்டு விலைக்குக் கேட்டார். இவரும் ஆகஸ்ட் கடைசில எடுத்துட்டுப் போங்கன்னு அரை மனசா தலையாட்டியிருந்தார். நான் படிக்கிறது மெக்கானிக்கல், அதுலயும் வெப்பப் பரிமாற்றம். 'சும்மா ரெண்டு சனிக்கிழமை குடுங்க, பாத்துடலாம்'னேன். 'கிட், உடைச்சா நீதான் வாங்கிக்கணும்'னார். என் ஸ்டைபண்ட்ல அந்த வண்டியோட ஒரு வீல் கூட வாங்க முடியாதுங்கிறது அவருக்கும் தெரியும்.

குமிழ் வந்தா ஹெட் கேஸ்கட்னு முடிவு கட்டுறது அவசரம். கூலன்ட் மாத்தினப்ப உள்ளே மாட்டின காத்து வெளிய வந்தாலும் குமிழ்தான் வரும். இதுக்குன்னே ஒரு எளிய சோதனை இருக்கு. ஒரு கண்ணாடிக் குழாய்ல நீல நிறத் திரவம். ரேடியேட்டர் வாயில வச்சு, தண்ணிக்கு மேல நிக்கிற காத்தை அதுக்குள்ள உறிஞ்ச விடணும். சிலிண்டர்லேர்ந்து எரிஞ்ச வாயு கசிஞ்சிருந்தா அதுல கார்பன் டை ஆக்சைடு இருக்கும், நீலம் மஞ்சளாயிடும். நாங்க பத்து நிமிஷம் பண்ணினோம். நீலம் நீலமாவே இருந்தது. அப்புறம் கைப்பம்பு வச்சு ரேடியேட்டருக்கு 15 பிஎஸ்ஐ அழுத்தம் ஏத்தி விட்டோம், முள் இறங்கல. ஸ்பார்க் ப்ளக் எட்டும் ஒரே நிறம். ஆயில்ல பால் கலந்த மாதிரி எதுவும் இல்ல. ஆக, கேஸ்கட் நல்லா இருக்கு. நாலாயிரம் டாலர் மிச்சம்.

இந்த அழுத்தம் ஏன் முக்கியம்னா, பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்த தண்ணி சாதாரணமா 106 டிகிரி செல்சியஸ் பக்கம் கொதிக்கும். 15 பிஎஸ்ஐ மூடி போட்டா அது 129 வரைக்கும் தாக்குப் பிடிக்கும். மூடி ரப்பர் போயிருந்தாலே பாதி வண்டி கொதிச்சுடும், பத்து டாலர் சமாச்சாரம். (அதே காரணத்தால சூட்டோட மூடியைத் திறந்தா மூஞ்சி வெந்துடும். குன்னூர் மலைப்பாதைல பானட்டைத் திறந்துட்டு நிக்கிற அம்பாசிடர்களைப் பாத்து வளர்ந்தவங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்ல.)

அடுத்து, முள்ளை நம்பலாமாங்கிற கேள்வி. ஐம்பது வருஷத்துக்கு மேல ஆன மீட்டர். அதனால அகச்சிவப்பு வெப்பமானி துப்பாக்கி ஒண்ணு கடன் வாங்கி தெர்மோஸ்டாட் மூடியிருக்கிற இடத்துல அளந்தோம். பளபளன்னு இருக்கிற உலோகத்துல இந்தத் துப்பாக்கி பொய் சொல்லும், ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அது மேல அளக்கணும். மீட்டர் சரியாத்தான் காட்டியது. ஹைவேல 60 மைல் வேகத்துல போனா 190 பாரன்ஹீட், அதாவது 88 செல்சியஸ். அருமை. சிக்னல்ல சிக்கினா இருபது நிமிஷத்துல 235, அதுக்கப்புறமும் ஏறிக்கிட்டே போகும்.

முதல் வரியில கேட்ட கேள்விக்கு இப்ப வருவோம். ஹைவேல கொதிச்சா ரேடியேட்டர் அடைப்பு, கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிப் போறது இதையெல்லாம் சந்தேகப்படணும். ஹைவேல காத்து ஓசியில வருது, பம்பும் வேகமாச் சுத்துது. அங்கே நல்லா இருந்து, நிக்கும்போது மட்டும் சூடேறினா பழி மூணு பேர் மேல: காத்து பத்தல, தண்ணி மெதுவா ஓடுது, இல்லேன்னா எஞ்சினே தேவைக்கு மேல சூடு பண்ணுது. இந்த வண்டியில மூணும் இருந்தது! அதான் ஒண்ணை மாத்தினவங்க யாருக்கும் பலன் தெரியல.

காத்து விஷயம் கண்ணாலேயே தெரிஞ்சது. விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இருக்க வேண்டிய ஷ்ரௌட்டைக் காணோம். எப்பவோ யாரோ வேலை பாக்க இடைஞ்சலா இருக்குன்னு கழட்டிப் போட்டிருக்காங்க. அந்தக் கூடு இல்லேன்னா விசிறி, ரேடியேட்டர் வழியா காத்தை இழுக்காம தன்னைச் சுத்தி இருக்கிற சூடான காத்தையே கலக்கிக்கிட்டு இருக்கும். புதுசு ஒண்ணு வரவழைச்சு, விசிறி இலை பாதி உள்ளே பாதி வெளியே இருக்கிற மாதிரி மாட்டினோம். ஐடில்ல ஓட விட்டு முன்னாடி ஒரு காகிதத்தைக் காட்டினா ரேடியேட்டர்ல போய் ஒட்டிக்கணும். ஒட்டிச்சு. 235 போய் 227 ஆச்சு. பத்தாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்ததுதான்: இக்னிஷன் டைமிங். பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடியே பொறி வச்சாத்தான் எரிஞ்சு முடியச் சரியா இருக்கும். ஐடில்ல கலவை மெலிசு, மெதுவா எரியும், அதனால இன்னும் முன்னாடியே வைக்கணும். தாமதமா வச்சா பிஸ்டன் கீழே இறங்கின பிறகும் எரிஞ்சுகிட்டே இருக்கும். அந்தச் சூடு வேலையாக மாறாம சிலிண்டர் சுவருக்கும் எக்ஸாஸ்ட் பாதைக்கும் போகும். எக்ஸாஸ்ட் பாதையைச் சுத்தித் தண்ணிதான் இருக்கு, அங்கேர்ந்து நேரா ரேடியேட்டருக்கு.

டைமிங் லைட் அடிச்சுப் பாத்தா வெறும் 4 டிகிரி. யார் பண்ணினாங்கன்னு தெரியல, ஆனா ஏன்னு புரியுது. இந்த எஞ்சினோட கம்ப்ரெஷன் பத்தரைக்கு மேல. இன்னிக்கு பெட்ரோல்ல ஏறி மிதிச்சா தட்டும், தட்டாம இருக்க டைமிங்கைப் பின்னாடி தள்ளிட்டாங்க. போதாக்குறைக்கு டிஸ்ட்ரிபியூட்டரோட வேக்குவம் ஹோஸ், கார்பரேட்டர்ல ஐடில் சமயத்துல உறிஞ்சலே இல்லாத துளைல மாட்டியிருந்தது. அதை நேரா இன்டேக் மேனிஃபோல்டுக்கு மாத்தி, அடிப்படை டைமிங்கை 8-க்குக் கொண்டு வந்தோம். இப்ப ஐடில்ல மொத்தம் 22 டிகிரி. முழுசா ஆக்ஸிலேட்டரை மிதிச்சா மேனிஃபோல்டு உறிஞ்சல் போயிடும், கூடுதல் டிகிரியும் தானா போயிடும், தட்டாது. 93 ஆக்டேன் போட்டு ஓட்டிப் பாத்தாச்சு, சத்தமே இல்ல. 1968-ல அமெரிக்கால புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு கம்பெனிகளே ஐடில் டைமிங்கைக் குறைச்சாங்க. கொதிக்கும்னு அவங்களுக்கும் தெரியும். அந்தக் காலத்து ஜிஎம் வண்டிகள் சிலதுல, தண்ணி ரொம்பச் சூடானா வேக்குவத்தை மேனிஃபோல்டுக்கு மாத்தி விடுற வால்வே வச்சிருந்தாங்க.

ஹோஸை மாத்தின உடனே ஐடில் வேகம் தானா ஏறிச்சு, ஸ்க்ரூவைக் குறைக்க வேண்டியதாச்சு. அதே பெட்ரோல்ல கூட வேலை நடக்குதுன்னு அர்த்தம். பெரியவர் முகத்துல முதல் தடவையா ஒரு சிரிப்பு. முள் 214-ல நின்னது... நின்ன மாதிரி இருந்தது. நாப்பது நிமிஷத்துல 220.

திரும்பத் துப்பாக்கி. ரேடியேட்டர் மேல் ஹோஸ் 215, கீழ் ஹோஸ் 155. அறுபது டிகிரி வித்தியாசம்! ரேடியேட்டர் பிரமாதமா குளிர வைக்குது, காத்தும் போதுமான அளவு வருது, ஆனா தண்ணி ஆமை வேகத்துல வருது. வெப்பம்னா ஓட்டம் பெருக்கல் வெப்பநிலை வித்தியாசம், வகுப்புல முதல் வாரத்துலயே சொல்லிக் குடுக்கிறது. வித்தியாசம் கூடினா ஓட்டம் குறைவு. பெல்ட் இறுக்கம் சரி, தெர்மோஸ்டாட்டை வெந்நீர்ல போட்டுப் பாத்தா 180-ல ஒழுங்கா திறக்குது. (தெர்மோஸ்டாட்டையே கழட்டி வீசிடுங்கன்னு எல்லா ஊர்லயும் ஒருத்தர் சொல்வார். அது தீர்மானிக்கிறது எஞ்சின் குறைஞ்சபட்சம் எவ்வளவு சூட்டுல இருக்கணும்ங்கிறதை மட்டும்தான்.) மிச்சம் பம்புதான்.

பான்டியாக் வி-8-க்கு இங்கே ஒரு தனி வியாதி உண்டு. வாட்டர் பம்புக்குப் பின்னாடி ஒரு இரும்புத் தகடு இருக்கும். உள்ளே போற தண்ணியையும் வெளிய வர்ற தண்ணியையும் பிரிக்கிறது அதுதான். பம்போட சுழலி இந்தத் தகட்டை ஒட்டினாப்புல சுத்தணும். இடைவெளி கூடினா தள்ளின தண்ணியே திரும்பப் பின்னாடி வழிஞ்சிடும். வேகமாச் சுத்தும்போது சமாளிச்சுக்கும், ஐடில்ல மாட்டிக்கும். கழட்டிப் பாத்தோம். பழைய வார்ப்பிரும்பு சுழலி போய், தகட்டுல அடிச்ச மெல்லிசான சுழலி வச்ச மாற்றுப் பம்பு. பெரியவரோட பேத்தி விளையாடுற கலர் களிமண்ணைக் கொஞ்சம் வாங்கி சுழலி மேல ஒட்டி, தகட்டோட வச்சு முடுக்கித் திரும்பக் கழட்டினா, நசுங்கின களிமண் கனம் கால் அங்குலம். இருக்க வேண்டியது ஒண்ணு, ஒண்ணரை மில்லிமீட்டர்.

வார்ப்பிரும்பு சுழலி வச்ச பம்பு ஒண்ணு வாங்கினோம். தகட்டை மரக்கட்டை மேல வச்சு, சுத்தியலால மெதுவா, சுழலி பக்கமா கொஞ்சம் குழிவா வர்ற மாதிரி தட்டினோம். தட்டு, களிமண் வை, முடுக்கு, கழட்டு. ஏழு தடவை. கடைசில 1/16 அங்குலத்துக்கும் கொஞ்சம் கம்மி, கையால சுத்தினா எங்கேயும் உரசல. மதியச் சாப்பாடு மறந்தே போச்சு. பழைய கூலன்டை ஒரு டப்பால பிடிச்சு மூடி வச்சோம். அது இனிக்கும், நாய் பூனை நக்கினா செத்துடும், தரையில விடவே கூடாது.

அன்னிக்கு சாயங்காலம் வெளிய 31 டிகிரி செல்சியஸ். ஒரு மணி நேரம் ஐடில். மேல் ஹோஸ் 194, கீழ் ஹோஸ் 168. முள் அசையல. பெரியவர் ஒரு நாற்காலியைப் போட்டு மீட்டரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார், அந்த அம்மா வந்து டின்னருக்குக் கூப்பிட்டும் எந்திரிக்கல.

செலவு: ஷ்ரௌட், பம்பு, கூலன்ட், ஹோஸ், கேஸ்கட் எல்லாம் சேத்து நானூறு டாலருக்குள்ள. ட்ரீம் க்ரூஸ் அன்னிக்கு உட்வர்ட்ல மூணு மணி நேரம் ஊர்ந்தோம், அதிகபட்சம் 198. வழி நெடுக பானட்டைத் திறந்து வச்சுட்டு ஓரமா நின்னவங்க ஏகப்பட்ட பேர். பெரியவர் ரெண்டு பேர்கிட்ட வண்டியை நிறுத்தி, 'ஷ்ரௌட் எங்கேப்பா?'ன்னு விசாரிச்சுட்டு வந்தார்.

விலைக்குக் கேட்டவர் அதுக்கப்புறம் மூணு தடவை போன் பண்ணிட்டார், ஒவ்வொரு தடவையும் விலை ஏறுது. பெரியவர் எடுக்கிறதே இல்ல. இப்போ டிரான்ஸ்மிஷன்லேர்ந்து ஆயில் சொட்டுது. கீழே அட்டை விரிச்சு வச்சிருக்கோம், சொட்டு எங்கே விழுதுன்னு பாக்க. வர்ற சனிக்கிழமை அதான் வேலை.