காபிக் குவளையும் அட்ரீனல் சுரப்பியும்

தில்லியின் மார்கழிக் குளிரில் காபியும் தேநீரும் வெறும் பானங்கள் அல்ல. நாளைத் தொடங்கி வைக்கும் துணைகள். கரோல்பாக்கிலும் ஆர்.கே.புரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் டபராவில் ஆற்றிய பில்டர் காபி இன்றிப் பொழுது விடிவதில்லை. மார்ச் 31 கணக்கு முடிப்பு நெருங்கினால், நம் வங்கிக் கிளைகளிலும் தேநீர்க் குவளைகளின் எண்ணிக்கை உயர்ந்துவிடும்.

மிகுதியாகக் காபி அருந்தினால் அட்ரீனல் சுரப்பி களைத்துப்போகும் என்ற கருத்து இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. அக்களைப்பைப் போக்குவதாகக் கூறி மாத்திரைகளும் பொடிகளும் விற்கப்படுகின்றன. பணம் செலுத்துமுன் அக்கருத்தின் உண்மையை அறிந்துகொள்வது நலம்.

நம் இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி போல் அமர்ந்துள்ள சிறு சுரப்பிகளே அட்ரீனல் சுரப்பிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 கிராம் எடையுள்ளது. இரத்த அழுத்தம், உப்புச் சமநிலை, நெருக்கடியைத் தாங்கும் ஆற்றல் ஆகியவற்றுக்குத் தேவையான ஹார்மோன்களை இவை சுரக்கின்றன. அவற்றுள் ஒன்றான கார்டிசால் காலையில் மிகுந்தும் நள்ளிரவில் குறைந்தும் இருக்கும்.

விழித்திருக்கும் நேரம் நீள நீள, மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து களைப்பை உணர்த்துகிறது. காபியிலுள்ள காஃபீன் அவ்வுணர்வைத் தடுக்கிறது. அட்ரினலினையும் கார்டிசாலையும் சிறிது உயர்த்துகிறது. நாள்தோறும் அருந்துவோரிடம் இவ்வுயர்வு பெரிதும் குறைந்துவிடுகிறது. எனவே காபி சுரப்பியை வற்றச் செய்வதில்லை. வங்கி மொழியில் சொன்னால், காபி தருவது கடன் தள்ளுபடி அன்று. தவணை ஒத்திவைப்பு மட்டுமே. களைப்பு என்னும் அசல் அப்படியே நிற்கிறது. அதைத் தீர்ப்பது உறக்கம் ஒன்றே.

'அட்ரீனல் களைப்பு' என்பதை மருத்துவ உலகம் ஒரு நோயாக ஏற்கவில்லை. பிரேசில் ஆய்வாளர் இருவர் 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பரிசீலித்து, அத்தகைய நிலைக்குச் சான்று இல்லை என்று 2016ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

ஆயினும் அட்ரீனல் சுரப்பி உண்மையாகவே செயலிழப்பதும் உண்டு. 1855இல் இலண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்த அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. நீங்காத சோர்வு, எடை குறைதல், தோல் கருமையடைதல், எழுந்து நிற்கையில் தலைசுற்றல், உப்பின்மேல் மிகு விருப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். மேலை நாடுகளில் உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவது முதன்மைக் காரணம். நம் நாட்டில் காசநோயும் முக்கியக் காரணமாக உள்ளது. நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டவர்கள் திடீரென்று நிறுத்தினாலும் சுரப்பி போதிய கார்டிசாலைத் தர இயலாமல் உயிருக்கே ஆபத்து நேரலாம். இந்நிலையைக் காலை நேர இரத்தப் பரிசோதனையால் தொடக்கத்திலேயே ஐயுற்று, மேற்பரிசோதனையால் உறுதிசெய்யலாம். பொடிகளை நம்பிக் காலம் கடத்துவதில்தான் பேரிழப்பு உள்ளது.

காபிக்கும் வரவுசெலவுத் திட்டம் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் காஃபீனை வரம்பாக வைக்கிறது. அதன்படி 150 மில்லி பில்டர் காபியில் 80 முதல் 120 மில்லிகிராமும், உடனடிக் காபியில் 50 முதல் 65 மில்லிகிராமும், தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராமும் காஃபீன் உண்டு. நாளொன்றுக்கு இரண்டு பில்டர் காபியும் இரண்டு தேநீரும் அருந்தினால், டிகாஷன் திடமாக இருக்கும்போது வரம்பு மீறப்படலாம். கருவுற்ற பெண்கள் இதனினும் குறைவாக அருந்த வேண்டும்.

அருந்திய காஃபீனில் பாதி அகலவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக் காபியின் ஒரு பகுதி இரவு 11 மணிக்கும் உடலில் இருக்கும், உறக்கம் கெடும், மறுநாள் மேலும் ஒரு குவளை தேவைப்படும். ஆதலால் பிற்பகல் 2 மணிக்குப் பின் காபியைத் தவிர்ப்பது நன்று. உணவிலுள்ள இரும்புச்சத்து வீணாகாதிருக்க, உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, தேநீர் வேண்டா என்றும் அவ்வழிகாட்டி கூறுகிறது.

நன்கு உறங்கிய பின்னும் சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால், குவளையையோ பொடியையோ நாடாமல் மருத்துவரை நாடுவோம். ஸ்டீராய்டு உட்கொள்வோர் அவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்த வேண்டா. காலைக் காபியை அச்சமின்றி அருந்துவோம், அளவோடு அருந்துவோம்.