விற்பனை வேலையை விட நினைக்கும் தம்பி தங்கைமாருக்கு: முதலில் ஒரு கணக்கு

2025 செப்டெம்பர் கடைசிக் கிழமை ஒரு தம்பி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வயது இருபத்துநாலு. அகதி அந்தஸ்துக் கிடைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கழுத்தில் கொம்பனி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சப்பாத்து மேலே பளபளப்பு, அடிப்பக்கம் தேய்ந்துபோய்க் கிடந்தது. வந்து இருந்தவுடன் சொன்ன முதல் வசனம்: "ரீச்சர், நான் நாளைக்கு வேலையை விடப்போறன். சேல்ஸ் எனக்குச் சரிவராது."

அவர் செய்தது வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி இன்ரநெற் இணைப்பு விற்கிற வேலை. பெப்ரவரியில் சேர்ந்தவர். ஒரு வருடத்தில் சொந்தமாக ஒரு ரீம், இரண்டு வருடத்தில் சொந்த அலுவலகம் என்று ஆசை காட்டித்தான் சேர்த்திருக்கிறார்கள். ஊரில் அம்மா, மகன் லண்டனில் மனேஜர் என்று அயலட்டைக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறா. இவரை அனுப்ப வாங்கின கடனுக்கு மாதாமாதம் வட்டி போகவேணும். ஆகவே வேலையை விடுவது அவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற விசயம் இல்லை.

இவரைப்போல வேறு பலரும் எங்களிடம் வருகிறார்கள். ரெலிபோன் கடை, கார்ட் விற்கிற வேலை, ரெலிபோனில் காப்புறுதி விற்கிற வேலை என்று இடம் மட்டும்தான் மாறும். அதனால் அந்தத் தம்பியோடு இருந்து பார்த்த விசயங்களை, அவருடைய சம்மதத்தோடு, ஆளை அடையாளம் தெரியாதபடி இங்கே எழுதுகிறேன். எழுதுவது இங்கிலாந்து நடைமுறை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் கல்லூரி, தொழில் ஆலோசனை ஒழுங்குகள் வேறு.

நான் அவரிடம் கேட்டது ஒரு கேள்விதான். "தம்பி, நீர் விடப்போறது விற்பனையையா, கொமிஷனையா?" அவருக்கு விளங்கவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். ஊரில் கணக்குப் படிப்பித்த பழக்கம், எனக்குத் தாளில்லாமல் ஒன்றும் ஓடாது.

அந்தக் கிழமை அவர் விற்றது 9 இணைப்பு. ஒன்றுக்கு 60 பவுண், ஆக 540. ஆனால் வாசலில் வைத்து விற்ற ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் இரத்துச் செய்ய வாடிக்கையாளருக்கு உரிமை இருக்கிறது. 2013ஆம் ஆண்டு விதிகளில் வந்த உரிமை அது. இரண்டு பேர் இரத்துச் செய்துவிட்டார்கள், 120 பவுண் திரும்பப் போனது. மிச்சம் 420. வேலை நேரத்தில் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போக அவருடைய கையால் போன பஸ், ரெயின் காசு 48. மிச்சம் 372. காலைக் கூட்டம் தொடங்கி இரவு கடைசிக் கதவு வரைக்கும் ஆறு நாளில் வேலை செய்தது 54 மணித்தியாலம். 372ஐ 54ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 6 பவுண் 89 பென்ஸ்.

அந்த நேரத்தில் 21 வயதுக்கு மேற்பட்டவருக்குச் சட்டம் சொன்ன குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 12.21 பவுண். (2026 ஏப்ரல் 1 முதல் அது 12.71.) 54 மணித்தியாலத்துக்கு 659 பவுண் 34 பென்ஸ் வந்திருக்கவேணும். தம்பி தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப எனக்கு விக்கத் தெரியாமல் இல்லை, என்ன?" என்று கேட்டார். ஒன்பது வீட்டில், அதுவும் இரண்டாம் மொழியில் பேசி, முன்பின் தெரியாத ஆளிடம் கையெழுத்து வாங்கினவருக்கு விற்கத் தெரியாது என்று யார் சொல்வது?

இனிச் சட்டப்பக்கம். கொமிஷனில் சம்பளம் கொடுப்பது குற்றமில்லை. ஆனால் நீங்கள் சட்டப்படி ஒரு 'வேர்க்கர்' என்றால், கொமிஷன் குறைந்தாலும் வேலை செய்த மணித்தியாலத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வந்தே ஆகவேணும். அதனால்தான் இப்படிப்பட்ட கொம்பனிகள் சேரும்போதே நீங்கள் 'செல்ஃப் எம்ப்ளோயிட்', அதாவது சுயதொழில் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். கையெழுத்து வைத்துவிட்டேன், இனி ஒன்றும் செய்யேலாது என்று நினைக்கவேண்டாம். 2021 பெப்ரவரி 19இல் ஊபர் சாரதிகள் வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்க முடியாது, வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்க்கவேணும். எத்தனை மணிக்கு வரவேணும், எந்தத் தெரு, என்ன உடுப்பு, என்ன வசனம் பேசவேணும் என்று எல்லாவற்றையும் கொம்பனியே தீர்மானிக்கிறதா? உங்களுக்குப் பதிலாக உங்கள் சிநேகிதரை அனுப்ப முடியாதா? அப்படியென்றால் நீங்கள் வேர்க்கர் என்று வாதாட இடம் இருக்கிறது. எல்லாருக்கும் அது சரிவரும் என்று நான் சொல்லமாட்டேன். ஏகாஸ் என்ற அரச அமைப்பின் இலக்கம் 0300 123 1100. அங்கே இலவசமாகக் கேட்கலாம். குறைந்தபட்சச் சம்பள முறைப்பாட்டையும் அவர்கள் மூலம் கொடுக்கலாம். தீர்ப்பாயத்துக்குப் போவதற்கான காலக்கெடு குறுகியது, எனவே தாமதிக்காதீர்கள். ஆங்கிலத்தில் பேசப் பயமென்றால் எங்கள் அலுவலகத்திலிருந்து சேர்ந்து எடுப்போம்.

ஆதாரம் இல்லாமல் இதில் ஒரு அடியும் வைக்கேலாது. தம்பியின் விற்பனைக் கணக்கு முழுவதும் கொம்பனி கொடுத்த ரப்லெற்றில் இருந்தது. வேலையை விடுகிற அன்றைக்கு அது அவர்களிடம் போய்விடும். அன்று இரவே ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுக்கச் சொன்னேன். காலைக் கூட்டத்துக்கு எத்தனை மணிக்கு வரவேணும் என்று வட்ஸ்அப் குழுவில் வந்த செய்திகள் பின்னர் பெரிய உதவியாக இருந்தன. கோபத்தில் அந்தக் குழுவை விட்டு வெளியே வந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

அதற்கிடையில் இன்னொரு அவசரம். "தம்பி, ரக்ஸுக்குப் பதிஞ்சனீரோ?" என்று கேட்டேன். முழித்தார். கொம்பனி கழிக்கிறது என்று நினைத்திருக்கிறார். சுயதொழில் என்று காசு வாங்குகிறவருக்கு யாரும் கழிப்பதில்லை. ஒரு வரி வருடத்தில், அதாவது ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை, சுயதொழில் வருமானம் 1000 பவுணைத் தாண்டினால், அந்த வருடம் முடிந்து வருகிற ஒக்ரோபர் 5க்கு முன்னர் வரித்திணைக்களத்தில் பதியவேணும். இவர் பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் 5 வரைக்குள் அந்தத் தொகையைத் தாண்டிவிட்டார். கையில் இருந்தது பத்து நாள்கூட இல்லை. அன்றைக்கே பதிந்தோம். படிவத்தை ஒன்லைனில் நிரப்பி அனுப்பக் கடைசி நாள் ஜனவரி 31. தவறினால், கட்டவேண்டிய வரி ஒன்றும் இல்லாவிட்டாலும் 100 பவுண் தண்டம். பஸ் ரிக்கற்றுகளை எறியாதீர்கள், வேலைக்காகச் செய்த செலவாகக் காட்டலாம். வரிக்குச் சுயதொழில் என்று பதிந்தால் வேர்க்கர் என்று கேட்கும் உரிமை போய்விடுமோ என்று பயந்தார். போகாது. வரிச்சட்டம் வேறு, தொழிற்சட்டம் வேறு.

சரி, நாளைக்கே விடலாமா? வேண்டாம் என்றேன். அவருக்கு அறை வாடகைக்கு யூனிவேர்சல் கிறெடிற்றில் கொஞ்சக் காசு வந்துகொண்டிருந்தது. நல்ல காரணம் இல்லாமல் தானாக வேலையை விட்டால் அந்தக் காசை முதல் தடவையிலேயே 91 நாள் வரை வெட்டலாம். மூன்று மாதம்! வட்டிக்காரனுக்கு இதை விளங்கப்படுத்தேலாது. சம்பளம் சட்டத்துக்குக் கீழே இருந்தது என்பதை எழுத்திலும் எண்ணிலும் காட்ட முடிந்தால் நல்ல காரணம் என்று சொல்வது சுலபம். எதற்கும், விடமுன்னர் உங்கள் வேர்க் கோச்சிடம் ஒன்லைன் ஜேர்னலில் எழுதிக் கேளுங்கள், வாயால் கேட்டது பதிவாகாது. சுயதொழிலாளிகளுக்கு வேறொரு பொறியும் இருக்கிறது. தொடங்கி 12 மாதம் கழிந்தபின், நீங்கள் உண்மையில் உழைத்தது குறைவாக இருந்தாலும், முழுநேரக் குறைந்தபட்சச் சம்பளம் உழைத்ததாக வைத்துக் காசைக் கணிக்கலாம். தம்பிக்கு அந்த நாளும் கிட்ட வந்துகொண்டிருந்தது.

கடையில் மாதச் சம்பளத்தோடு விற்பனை செய்கிறவர்களுக்கும் சில வரிகள். ஒரு மாதத்துக்கு மேல் வேலை செய்தவர் குறைந்தது ஒரு கிழமை முன்னறிவித்தல் கொடுக்கவேணும், கொன்ராக்ட்டில் கூடவும் இருக்கலாம். எடுக்காத விடுமுறைக்குக் காசு தரவேணும், பி45 தாளும் தரவேணும். கொமிஷனும் வாங்குகிறவர் என்றால் விடுமுறைக் காசைக் கணிக்கும்போது கொமிஷனையும் சேர்க்கவேணும். பிரிட்டிஷ் காஸில் விற்பனையாளராக இருந்த லொக் என்பவரின் வழக்கில் 2014இல் ஐரோப்பிய நீதிமன்றமும் 2016இல் இங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றமும் சொன்ன விசயம் இது. பெற்றோல் ஸ்ரேஷனிலும் கடையிலும் நிற்கிற பிள்ளைகள் கேட்கிற கேள்வி, கல்லாவில் காசு குறைந்தால் சம்பளத்தில் வெட்டலாமா என்பது. கொன்ராக்ட்டில் முன்கூட்டி எழுதியிருந்தால் வெட்டலாம், ஆனால் ஒரு தடவைச் சம்பளத்தில் பத்திலொரு பங்குக்கு மேல் வெட்டேலாது. கடைசிச் சம்பளத்துக்கு மட்டும் இந்த எல்லை இல்லை. அதனால் கடைசிச் சம்பளத்தைக் கவனமாகப் பாருங்கள்.

அடுத்து, எங்கே போவது? தம்பி ஊரில் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்தவர், லீவு நாளில் மாமாவோடு வயரிங் வேலைக்குப் போய் வந்தவர். இலெக்ரீஷியன் ஆகவேணும் என்பது அவருடைய விருப்பம். ஏற்கெனவே ஒரு தனியார் நிறுவனத்தோடு ரெலிபோனில் பேசியிருந்தார். சில கிழமைப் பயிற்சி, ஆயிரக்கணக்கான பவுண் கட்டணம், தவணையில் கட்டலாமாம். "இண்டைக்குச் சேர்ந்தால் விலைக்கழிவு எண்டு சொன்னவை" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துப்போட்டார். அதே வசனத்தைத்தானே அவரும் வாசலில் நின்று சொல்லுகிறவர்! விற்பனைக்காரனுக்கே விற்றுப்போடுவினம், கவனம்.

இங்கே முழுத்தகுதி பெற்ற இலெக்ரீஷியன் என்று காட்டுகிற ஈ.சி.எஸ் கோல்ட் கார்ட்டுக்குப் பொதுவாக என்.வி.கியூ லெவல் 3உம் ஏ.எம்.2 என்ற செய்முறைப் பரீட்சையும் தேவை. என்.வி.கியூவுக்கு உண்மையான வேலைத்தளத்தில் செய்த வேலையைக் காட்டவேணும், வகுப்பறையில் மட்டும் அதை முடிக்கேலாது. அப்பிரன்ரிஸாகப் போனால் ஏறக்குறைய நாலு வருடம். அப்பிரன்ரிஸுக்கு முதல் வருடம் சட்டம் சொல்கிற குறைந்தபட்சம் மிகவும் குறைவு. 2025 ஏப்ரலில் 7.55 பவுண், 2026 ஏப்ரலில் 8 பவுண். 19 வயதைத் தாண்டியவருக்கு முதல் வருடம் முடிந்தபின் அவரவர் வயதுக்குரிய சம்பளம். வட்டி கட்டுகிற ஆளுக்கு அந்த முதல் வருடம் கஷ்டம். ஆனபடியால் நாங்கள் யோசித்தது, மணித்தியாலச் சம்பளத்துக்கு ஒரு வேலை, பின்னேரத்தில் கல்லூரி. வருமானம் குறைந்தவர்களுக்குப் பல கல்லூரி வகுப்புகள் இலவசம் அல்லது கட்டணம் குறைவு, சேரமுன் கேளுங்கள். ஜீ.சி.எஸ்.ஈ கணிதம், ஆங்கிலம் இல்லாத 19 வயதுக்கு மேற்பட்டவர்கள் அந்த இரண்டையும் லெவல் 2 வரை இலவசமாகப் படிக்கலாம். அப்பிரன்ரிஸ் வேலைக்கும் அலுவலக வேலைக்கும் அடிக்கடி கேட்கிறது இந்த இரண்டையும்தான். எந்தத் தொழில் என்று இன்னும் தெரியாதவர்கள் நாஷனல் கரியேர்ஸ் சேர்விஸுக்கு 0800 100 900இல் இலவசமாக எடுத்துப் பேசலாம்.

ஊர்ச் சான்றிதழ்களைக் குப்பையில் போடாதீர்கள். யூ.கே. எனிக் என்ற அமைப்பு (2021க்கு முன்னர் நாரிக்) அவற்றை இங்குள்ள படிப்போடு ஒப்பிட்டு எழுதித் தரும். கட்டணம் உண்டு, அதனால் வேலை கொடுப்பவரோ கல்லூரியோ கேட்டால் மட்டும் எடுங்கள். சான்றிதழ் தொலைந்தவர்கள் தூதரகத்துக்கு ஓடவேண்டாம், முதலில் உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். புது வேலைக்குப் போகும்போது பழைய பிளாஸ்ரிக் அட்டையைக் காட்டேலாது. இ-விசாக் கணக்கில் இருந்து 'ஷெயார் கோட்' எடுத்துக் கொடுக்கவேணும், அது 90 நாளுக்குச் செல்லும்.

அகதிக் கோரிக்கைக்கு இன்னும் முடிவு வராதவர்களுக்கு மேலே எழுதியவை பொருந்தாது. வேலை அனுமதி கிடைத்திருந்தாலும் சுயதொழில் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை. கொமிஷன் மட்டும்தானே, யாருக்கும் தெரியாது என்று யாராவது சேர்க்க வந்தால் கையெழுத்து வைக்காமல் எங்களிடம் வாருங்கள்.

தம்பி அதன்பிறகு ஆறு கிழமை கதவு தட்டினார், பகலில் தட்டி இரவில் விண்ணப்பம் எழுதினார். விண்ணப்பத்தில் 'கதவு தட்டினேன்' என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டு, ஒரு கிழமையில் எத்தனை பேரோடு பேசினார், எத்தனை ஒப்பந்தம் முடித்தார், கோபத்தில் இருந்த வாடிக்கையாளரை எப்படிச் சமாளித்தார் என்று எழுதினோம். நவம்பரில் வேலை கிடைத்தது, மின்சாரச் சாமான் மொத்தமாக விற்கிற கடையில் கவுண்டரில். ஆமாம், விற்பனைதான்! ஆனால் மணித்தியாலச் சம்பளம். காலை ஆறரைக்கே இலெக்ரீஷியன்மார் கேபிளும் சுவிச்சும் வாங்க வரிசையில் நிற்பார்கள், எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும் இப்போது. அதில் ஒருவர் சனிக்கிழமைகளில் உதவிக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஜனவரியிலிருந்து கிழமையில் இரண்டு பின்னேரம் கல்லூரி. பழைய கொம்பனி, ஏகாஸ் நடுவில் பேசியபின், ஒரு தொகை கொடுத்தது. கணக்கில் வந்த முழுத்தொகை இல்லை, அவர் அதோடு முடித்துக்கொண்டார். அம்மாவுக்கு மனேஜர் இல்லை என்று சொல்லிவிட்டீரா என்று கேட்டேன். "கடையில நிக்கிறன் எண்டு சொன்னனான் ரீச்சர். ஆரின்ரை கடை எண்டு அவ கேக்கேல்லை."

எங்களிடம் வருகிறவர்கள் கொன்ராக்ட், கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு, சம்பளத் துண்டு அல்லது கொமிஷன் கணக்கு, ஒரு கிழமைக்கு எந்த நாள் எத்தனை மணி தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தீர்கள் என்று கையால் எழுதிய ஒரு தாள், இவற்றைக் கொண்டு வாருங்கள். கொன்ராக்ட் தரவில்லை என்றால் அந்தத் தாளை மட்டுமாவது கொண்டு வாருங்கள்.