அடுக்கு வயல்களே அரங்கம்: எச்சிகோ-த்சுமாரி கலை விழா

ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே அமைந்தது எச்சிகோ-த்சுமாரி வட்டாரம். தோகாமாச்சி நகரமும் த்சுனான் ஊரும் சேர்ந்த இந்த 760 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 200 சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. 2000-ஆம் ஆண்டில் இங்கே மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலை விழா ஒன்று தொடங்கியது. வயல், காடு, ஆற்றங்கரை, மூடப்பட்ட பள்ளி, ஆளில்லாத வீடு ஆகியவையே இதன் அரங்குகள். கலையையும் சூழலையும் வேளாண்மையையும் ஊர் மண்ணோடு பிணைக்கும் முயற்சிகளில் உலகெங்கும் முன்னோடியாகப் பேசப்படுவது இந்த விழா.

பனியும் நெல்லும்

சைபீரியாவிலிருந்து வீசும் குளிர்காற்று, ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து இந்த மலைகளில் பனியாகக் கொட்டுகிறது. சில இடங்களில் பனி 3 மீட்டருக்கு மேல் குவியும். கூரை உடைந்துவிடாமல் இருக்க, குளிர்காலம் முழுவதும் ஏறி ஏறிப் பனியைத் தள்ள வேண்டும். ஆனால் வசந்தத்தில் உருகும் அதே பனிதான் வயல்களுக்குப் பாய்கிறது. ஜப்பானியர் பெரிதும் விரும்பும் கோஷிஹிகாரி ரக அரிசி இங்கே விளைகிறது.

சமநிலம் அரிதான இந்த மலைப்பகுதியில், மண் சரிந்து உருவான சரிவுகளை முன்னோர்கள் அடுக்கு வயல்களாகத் திருத்தினார்கள். ஆற்றின் வளைவுகளை வெட்டி நேராக்கி, பழைய ஆற்றுப்படுகையைக் கழனியாக்கினார்கள். மலையைக் கையால் குடைந்து சுரங்க வாய்க்கால்கள் அமைத்தார்கள். ஊரும் காடும் வயலும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் இத்தகைய நிலப்பரப்பை ஜப்பானில் சாதோயாமா என்பார்கள். மனிதக் கை தொடர்ந்து படும்வரைதான் அது உயிரோடிருக்கும். வரப்பைக் கட்டாமல் விட்டால் சில ஆண்டுகளிலேயே புதர் மண்டிவிடும். நீரைப் பிடித்து வைக்க ஆளில்லாத சரிவில் மண்சரிவு அபாயமும் கூடும்.

அந்தக் கைகள்தான் குறைந்துகொண்டே வந்தன. போருக்குப் பிந்தைய தொழில் வளர்ச்சி இளைஞர்களை டோக்கியோவுக்கு இழுத்தது. பெரிய இயந்திரங்கள் இறங்க முடியாத குறுகிய வயல்கள் கட்டுப்படியாகாமல் போயின. நெல் உற்பத்தி மிகுந்துவிட்டதென்று 1970-களில் அரசே சாகுபடிப் பரப்பைக் குறைக்கச் சொன்னது. பிள்ளைகள் இல்லாமல் பள்ளிகள் மூடப்பட்டன. பனியைத் தள்ள முதியவர்கள் மட்டுமே மிஞ்சினார்கள்.

எதிர்ப்பில் தொடங்கிய திட்டம்

1990-களின் நடுவில், தேய்ந்துவரும் வட்டாரங்களுக்குப் புத்துயிர் தரும் திட்டமொன்றை நீகாட்டா மாகாண அரசு வகுத்தது. அதே மாகாணத்தில் 1946-இல் பிறந்த கலை இயக்குநர் ஃபிராம் கிதகாவாவிடம் எச்சிகோ-த்சுமாரிக்கான பொறுப்பு வந்தது. அன்று ஆறு தனித்தனி ஊராட்சி அமைப்புகளாக இருந்த இந்த வட்டாரத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. சாலையும் மருத்துவமனையும் கேட்கும் ஊருக்கு நவீனக் கலை எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசி இசைவு பெறவே சில ஆண்டுகள் பிடித்தன.

நகரங்களிலிருந்து தன்னார்வலர்களாக வந்த கல்லூரி மாணவர்களையும் மக்கள் முதலில் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். கோஹெபி என்ற பெயரில் இயங்கிய அந்த இளைஞர்கள் களை பறித்தார்கள், பனி தள்ளினார்கள், பெரியவர்களின் கதைகளைக் கேட்டார்கள். கலைஞர்களுக்கும் நிபந்தனை இருந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். அந்த இடத்தைப் புரிந்துகொண்டு, ஊர் மக்களின் உதவியோடு படைப்பை உருவாக்க வேண்டும். படைப்புகளை ஒரே இடத்தில் குவிக்காமல் வட்டாரம் முழுவதும் பரப்பியதும் திட்டமிட்ட முடிவே. பார்க்க வருபவர் மலைப்பாதையில் அலைந்தால்தான் வயலையும் ஊரையும் காண்பார்.

உழைப்பைக் காட்டும் வயல்

மாட்சுதாய் ரயில் நிலையத்துக்கு அருகே, இல்யா, எமிலியா கபகோவ் தம்பதி 2000-இல் அமைத்த படைப்பு இந்த விழாவின் அடையாளமாகிவிட்டது. ஆற்றுக்கு அப்பால் ஏறிச்செல்லும் அடுக்கு வயல்களில், நீலத்திலும் மஞ்சளிலும் தட்டையான மனித உருவங்கள் நிற்கின்றன. உழுவது, நடுவது, களை எடுப்பது, அறுப்பது, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோவது என நெல்லின் ஓராண்டு அங்கே அடுக்கடுக்காகத் தெரிகிறது. இக்கரையிலுள்ள பார்வை மேடையில் நின்றால், கண்ணெதிரே தொங்கும் எழுத்துகள் அந்த வேலைகளை விவரித்தபடி வயல்காட்சியின் மேல் படிகின்றன.

அந்த நிலத்தின் சொந்தக்காரர் வயதின் காரணமாக விவசாயத்தை விடும் எண்ணத்தில் இருந்தவர். முதலில் சம்மதிக்கவும் இல்லை. தன் முன்னோர்களின் உழைப்பைத்தான் படைப்பு சொல்கிறது என்று உணர்ந்தபின் இசைந்தார். மேலும் சில ஆண்டுகள் அங்கேயே பயிரும் செய்தார்.

ஆற்றைப் பற்றிப் பேசும் படைப்புகளும் உண்டு. யுகிஹிசா இசோபே 2000-இல், அணைகள் வருமுன் ஷினானோ ஆறு ஓடிய தடத்தைக் கிலோமீட்டர் கணக்கில் வயல்களினூடே மஞ்சள் கம்பங்கள் நட்டுக் காட்டினார். 2011 மார்ச் 12 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் த்சுனானில் சேறும் பாறையும் சரிந்து வந்த எல்லையையும் பின்னாளில் இதேபோல் குறித்தார். நிலத்துக்கு நேர்ந்ததை அந்த நிலத்திலேயே படிக்க வைக்கும் பாடங்கள் இவை.

ஆளில்லா வீடுகள், மூடிய பள்ளிகள்

2004 அக்டோபர் 23 அன்று நீகாட்டாவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. விழாவின் தன்னார்வலர்கள் வீடுகளைச் சீர்செய்யும் பணியில் இறங்கினார்கள். பலர் ஊரைவிட்டே போனதால் பூட்டிய வீடுகள் பெருகின. 2006-இல் நடந்த மூன்றாம் விழா அந்த வீடுகளையும் பள்ளிகளையும் கையிலெடுத்தது.

நிஹோன் பல்கலைக்கழகத்தின் சிற்பத்துறை மாணவர்கள், ஜுனிச்சி குராகாகேயின் வழிகாட்டுதலில், நூற்றாண்டு கடந்த பண்ணை வீடொன்றின் தரை, சுவர், தூண், உத்தரம் என எல்லாவற்றையும் உளியால் செதுக்கினார்கள். புகை படிந்து கறுத்த மரத்தின் மேல் உளித்தடங்கள் அலையலையாகப் பரவியிருக்கும் அந்த வீட்டில் இன்று விருந்தினர்கள் தங்கலாம். மாட்சுனோயாமா பகுதியில் மூடப்பட்ட பள்ளியொன்றில் கிறிஸ்தியான் போல்டான்ஸ்கியும் ஜான் கல்மானும் வைக்கோல், மங்கிய விளக்குகள், மின்விசிறிகள், இதயத் துடிப்பின் ஒலி ஆகியவற்றால் அங்கு இல்லாத பிள்ளைகளின் நினைவை நிரப்பினார்கள். சானாதா பள்ளியின் கடைசி மூன்று மாணவர்களைக் கதைமாந்தராக்கி, வண்ணம் பூசிய மிதவை மரங்களாலும் கொட்டைகளாலும் பள்ளிக் கட்டடத்தையே படக்கதையாக மாற்றினார் செய்சோ தாஷிமா. அது 2009-இல் அருங்காட்சியகமானது.

1924-இல் கட்டப்பட்டு நிலநடுக்கத்தில் சேதமான கூரைவேய்ந்த வீடொன்றும் 2006-இல் மீண்டது. அடுப்பு, கழுவுதொட்டி, குளியல்தொட்டி என அனைத்தையும் பீங்கான் கலைஞர்கள் செய்து தந்தார்கள். ஊர்ப் பெண்களே நடத்தும் அங்குள்ள உணவகத்தில், தோட்டத்துக் காய்கறிகளும் உள்ளூர் அரிசியும் அந்தக் கலைஞர்கள் வனைந்த தட்டுகளில் பரிமாறப்படுகின்றன.

விழா இல்லாத நாட்களில்

விழா நடப்பது குறுகிய காலமே. வயலுக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். இதற்காக உருவானதுதான் மாட்சுதாய் அடுக்கு வயல் வங்கி. நகரத்தார் பணம் செலுத்தி வயலின் ஒரு பகுதியைத் தத்தெடுக்கிறார்கள்; நடவுக்கும் அறுவடைக்கும் வருகிறார்கள்; விளைச்சலில் பங்கு பெறுகிறார்கள். முதியவர்கள் கைவிட்ட கழனிகள் இதனால் பயிர் காண்கின்றன. 2015-இல் உருவான மகளிர் கால்பந்து அணியின் வீராங்கனைகள் இங்கேயே குடியேறி, பந்தாட்டத்தோடு இந்த வயல்களிலும் உழைக்கிறார்கள். படைப்புகளைப் பராமரிக்கவும் தங்குமிடங்களை நடத்தவும் 2008-இல் தனி அமைப்பு தொடங்கப்பட்டது.

முதல் விழாவுக்கு ஏறத்தாழ 1.6 லட்சம் பேர் வந்தார்கள். 2018-இல் அந்த எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. கொரோனாவால் 2021 விழா மட்டும் ஓராண்டு தள்ளிப்போனது. 2010-இல் செத்தோ உள்நாட்டுக் கடலின் தீவுகளிலும், 2017-இல் நோதோ தீபகற்பத்தின் சூசு நகரிலும் இதே அணுகுமுறையில் கிதகாவாவின் இயக்கத்தில் கலை விழாக்கள் தொடங்கின.

இத்தனைக்கும் பிறகும் எச்சிகோ-த்சுமாரியின் மக்கள்தொகை குறைந்துகொண்டுதான் இருக்கிறது. நாடு முழுவதும் மூப்படையும்போது கலை விழா ஒன்றால் அந்தப் போக்கைத் திருப்ப முடியாது. ஆனால் புதர் மண்டியிருக்க வேண்டிய வயல்கள் பல இன்னும் விளைகின்றன. இடிந்திருக்க வேண்டிய வீடுகளில் அடுப்பு எரிகிறது. தங்கள் உழைப்புக்கு மதிப்பில்லை என்றிருந்த முதியவர்கள் அந்த உழைப்பைத் தொலைவிலிருந்து வருபவர்களுக்கு விளக்கிச் சொல்கிறார்கள். பின்பற்ற நினைக்கும் ஊர்கள் இங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று: படைப்புக்கு முன் நிலத்தின் வரலாற்றைப் படிப்பது, சொந்தக்காரரின் சம்மதத்துக்காகப் பொறுமையோடு காத்திருப்பது, விழா முடிந்த மறுநாள் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வது யார் என்பதை முதலிலேயே முடிவு செய்வது.