எழுத்தறிந்தும் எண்ணில் இடறலாம்

மதுராந்தகத்து ஏரிக்கரையில் மார்கழிப் பனி இறங்கும் காலம். பிறந்த பேரனுக்குக் கம்பளிக் குல்லாய் பின்னத் தொடங்கிய அம்மையார் ஒருவர், அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய பின்னல் ஏட்டை நம்மிடம் நீட்டி, "சாமி, ஆங்கிலம் எனக்கும் தெரியும், இது எந்த மொழி?" என்று வினவினார்.

'கே 2, பி 2' என்றிருந்தது. 'கே' என்பது நிட். நூலை ஊசிக்குப் பின்னே வைத்து எடுக்கும் கண்ணி. 'பி' என்பது பர்ல். இதற்கு நூல் முன்னே நிற்கும். வியப்பு என்னவெனில், இரண்டும் ஒரே கண்ணியின் முன்புறமும் பின்புறமுமேயாம். பின்னலைத் திருப்பினால் ஒன்று மற்றொன்றாய்த் தோன்றும். இரண்டிரண்டாய் மாறிமாறிப் பின்னினால் வரிவரியாய் எழும்பி, இழுத்தால் நெகிழ்ந்து தலையைப் பற்றிக்கொள்ளும். குல்லாயின் ஓரத்திற்கு அதுவே ஏற்றது. 'கே 2 டாக்' எனில் இரு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். நட்சத்திரக் குறியோ, அவ்விடந்தொட்டு மீண்டும் செய்க என்பதாம்.

இத்தனையும் கற்றுப் பின்னிய குல்லாய் குழந்தையின் தலைக்கு ஏறவில்லை! பிழை எழுத்தில் அன்று, எண்ணில். ஏடு கேட்டது 8-ஆம் எண் ஊசி. அமெரிக்கக் கணக்கில் அது 5 மில்லிமீட்டர் பருமன். அம்மையாரிடம் இருந்ததோ மாமியார் விட்டுச்சென்ற பழைய ஆங்கிலேய 8. அது 4 மில்லிமீட்டரே. அங்கே எண் ஏறப் பருமன் கூடும், இங்கே குறையும்.

ஆதலால் முதலில் 10 சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரமொன்றைப் பின்னிக் கண்ணிகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அமெரிக்க ஏடுகள் இதைக் 'கேஜ்' என்றும், ஆங்கிலேய ஏடுகள் 'டென்ஷன்' என்றும் குறிக்கும். குல்லாயைப் பிரித்த அம்மையார், மறுவாரம் அச்சதுரத்துடன் வந்தார். ஏட்டிலுள்ளதைவிட மூன்று கண்ணிகள் மிகுந்திருந்தன. தடித்த ஊசி வாங்க அன்றே செங்கற்பட்டுக்குப் பேருந்து ஏறினார்.