இசைக்கலைஞர்களுக்குத் துணைநிற்கும் சி கோங் பயிற்சி

வயலின் கலைஞர் ஒருவர் வலது தோளில் வலியுடன் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். வலி தொடங்கி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. "கச்சேரி வாய்ப்புகள் போய்விடுமோ என்று யாரிடமும் சொல்லவில்லை, டாக்டர்" என்றார். வெறுங்கையால் வாசித்துக் காட்டுமாறு கேட்டேன். கையில் வில் இல்லாதபோதும் தோள் காதை நோக்கி உயர்ந்தது, தாடை இறுகியது, மூச்சு நின்றது. இவற்றில் ஒன்றையும் அவர் உணர்ந்திருக்கவில்லை.

ஒரே அசைவைப் பல மணி நேரம் திரும்பத் திரும்பச் செய்வதால் இசைக்கலைஞர்களின் தசைகளும் தசைநாண்களும் நலிவடைகின்றன. மேடையச்சமும் சேர்ந்தால் இதயத்துடிப்பு விரைவடைகிறது, கை நடுங்குகிறது. இறுக்கம் வலியை வளர்க்க, வலி அச்சத்தை வளர்க்கிறது. இச்சுழற்சியைத் தளர்த்த, இயன்முறை சிகிச்சையுடன் துணையாகக் கற்கத்தக்க பயிற்சிகளுள் ஒன்று சி கோங்.

இது சீனாவில் தோன்றியது. 'சி' என்பது மூச்சையும் உயிராற்றலையும், 'கோங்' என்பது இடைவிடாப் பயிற்சியால் வரும் தேர்ச்சியையும் குறிக்கும். இதன் வேர்கள் மிகப் பழமையானவை. கி.மு. 168இல் மூடப்பட்ட மாவாங்துய் கல்லறையில், உடற்பயிற்சி செய்யும் 44 உருவங்கள் தீட்டப்பட்ட பட்டுத்துணி கிடைத்துள்ளது. 'உயிராற்றல்' என்பதை மருத்துவத்தால் அளக்க இயலாது. எனினும் மெதுவான அசைவு, நீண்ட மூச்சு, உடலின்மீது கவனம் ஆகிய மூன்றும் பதற்றத்தைத் தணிக்க உதவும் என்பதை நாம் அறிவோம்.

தொடங்குவோருக்கு எட்டு அசைவுகள் கொண்ட 'பாதுவான்ஜின்' எளியது. பாதங்களைத் தோளகலத்தில் வைத்து, முழங்கால்களைச் சற்றே தளர்த்தி நிற்க வேண்டும். முதல் அசைவில், கோத்த விரல்களை மூச்சை இழுத்தவாறு தலைக்குமேல் உயர்த்தி, மூச்சை விட்டவாறு மெல்ல இறக்குவர். இரண்டாவதில், வில்லை நாணேற்றி இழுப்பதுபோல் கைகளை இருபுறமும் விரிப்பர். வாத்தியத்தின்மீது குனிந்தே இருக்கும் மார்பு இதில் விரிவடைகிறது. நிற்க இயலாதோர் நாற்காலியில் அமர்ந்து செய்யலாம். பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் கற்று, நாள்தோறும் பத்து நிமிடங்கள் செய்வது நல்ல தொடக்கம்.

போர்த்துகல் நாட்டில் குழலிசை பயிலும் பள்ளி மாணவர்களின் மேடைப் பதற்றம் குறித்து நடத்தப்பட்ட சி கோங் ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. அது சிறிய முன்னோடி ஆய்வே. ஆகவே, நோயைக் குணப்படுத்தும் முறையாக இதைக் கருதலாகாது. மருந்துகளைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

கீழ்க்காணும் அறிகுறிகள் இருப்பின் முதலில் மருத்துவரை அணுகுங்கள்:

• கையில் மரத்துப்போதல் அல்லது வலுவிழப்பு

• வாசிக்கும்போது மட்டும் விரல்கள் தம்மையறியாமல் மடங்குதல்

• ஓய்விலும் இரவிலும் நீடிக்கும் வலி

உயர் இரத்த அழுத்தமோ இதயநோயோ உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலுடன் தொடங்க வேண்டும். மூச்சை அடக்கிவைத்தல் கூடாது. மயக்கமோ நெஞ்சுவலியோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெறுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: "சாதகம் செய்தால் வலிக்கத்தான் செய்யும்" என்று கூறிவிடாதீர்கள். அச்சொல்லே பலரை மௌனமாக்குகிறது.

அந்த வயலின் கலைஞர் ஆறு மாதங்களாக இயன்முறை சிகிச்சையுடன் இப்பயிற்சியையும் செய்து வருகிறார். வலி முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆனால் தோள் உயரத் தொடங்கும்போதே அதை உணர்ந்து தாழ்த்திக்கொள்கிறார்; வலித்தால் மறைக்காமல் சொல்கிறார். சிகிச்சை பயனளிக்க இவ்விரண்டும் இன்றியமையாதவை.